முன்பக்கங்கள் மட்டும்

ஜனவரி 9, வியாழன்

முடிந்துவிட்டது! மதியம் இரண்டு ஐம்பத்தேழுக்கு, பள்ளிக்கூட வாசலில், ஸ்டியரிங் மேல் அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டு என் நாவலின் கடைசி வரிக்குப் புள்ளி வைத்தேன். அடுத்த நிமிஷம் மணி அடித்தது. பதினேழு பிள்ளைகளும் திமுதிமுவென்று வேனில் ஏறினார்கள். ஒருத்திக்குத் தண்ணீர் பாட்டில் காணோம், ஒருவனுக்கு ஒரு கால் ஷூ காணோம். நான் ஆயாவிடம் மட்டும் சொன்னேன். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர், ஆறு வருஷமாக என் பக்கத்து சீட்டுக்காரர். "முடிச்சாச்சா? அப்ப நாளையிலேருந்து காலையில என்னதான் பண்ணுவீங்க டிரைவரம்மா?" என்று கேட்டார்.

நான்கு வருஷம்! காலையில் பெரிய பிள்ளைகளை இறக்கிவிட்டு இரண்டாவது டிரிப் எடுப்பதற்கு நடுவே முப்பத்தைந்து நிமிஷம், அதில் தாளின் முன்பக்கம். மதியம் மணிக்காகக் காத்திருக்கும் நாற்பது நிமிஷம், அதில் அதே தாளின் பின்பக்கம். பக்கம் முடியும்போது வாக்கியமும் முடிந்தாக வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். பாதி வாக்கியத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏற்றிப் போகக்கூடாது. ஒரே ஒரு தடவை மீறினேன், சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் நின்று பின்னால் இருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கிழித்துப் போட்டது போக மிச்சம் இருநூற்றுப் பன்னிரண்டு தாள். நம்பர் தாளுக்குத்தான், முன்பக்க மூலையில்.

கதை என்னவோ சின்னதுதான். ஒரே வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசாமல் வாழ்கிற அக்காவும் தங்கையும். யாரை வைத்து எழுதினேன் என்று எனக்குத் தெரியும். என் அக்காவுக்கும் தெரியும், படித்தால். நாங்கள் பேசி ஐந்து வருஷம். அம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் நான் ஒற்றை ஆளாகப் பார்த்தேன், அவள் இரண்டே தடவை வந்து விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். என் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்கவில்லை. நாவலில் எழுதிவிட்டேன், எல்லாவற்றையும், நாள் கிழமையோடு.

ஜனவரி 10, வெள்ளி

ஒரு நாவல் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கிடம் கேட்டால் எப்படி இருக்கும்? "லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டா, நாங்க வந்து கதவைத் திறக்கிறதுக்குள்ள படிச்சு முடிக்கணும்" என்றார். நீங்கள் வரும் வேகத்துக்கு எத்தனை பாகம் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொன்னேன்.

ஜனவரி 13, திங்கள்

விளம்பரம் பார்த்தேன்! ஒரு சின்னப் பதிப்பகம். புதியவர்களின் நாவல் வேண்டுமாம், கையெழுத்துப் பிரதியின் நகலும் அனுப்பலாமாம். எனக்காகவே போட்டது மாதிரி இருந்தது. கீழே ஒரு வரி: "பக்க அளவு: நாவலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு." இது ஒரு பதிலா? தையல்காரரிடம் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டால் உடம்புக்கு வேண்டிய அளவு என்று சொன்ன மாதிரி!

மதியம் நூலகத்துக்குப் போய், பிள்ளைகள் வேனில் விட்டுப்போன ஸ்கேலால் நாவல்களின் தடிமனை அளந்தேன். ஒன்று விரல் அகலம்கூட இல்லை. ஒன்று செங்கல். நூலகர் வந்து, "என்னம்மா, அலமாரி செய்யப் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

ஆயா சொன்னார்: "ஒரே விஷயத்தை ரெண்டு தடவ சொன்னா எனக்குக் கொட்டாவி வந்துரும். அதுக்கு முன்னாடி முடிச்சிடணும்." பக்கத்து வேன் ஓட்டுகிறவர் (பிள்ளைகள் வைத்த பெயர் ஹாரன், காரணம் சொல்ல வேண்டியதில்லை) நேர் எதிர். "நாவல்னா கனமா இருக்கணும்மா. கையில எடுத்தவுடனே, அடேயப்பா, ஒரு ஆளு உழைச்சிருக்கான்னு தெரியணும்." நான் ஹாரன் கட்சி.

இருந்தாலும் சிவப்புப் பேனாவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே ஒரு 'மிகவும்' அடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அதையும் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

அனுப்பிவிட்டேன்! மதிய மணிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். மெஷின் கட்டுக் கட்டாக விழுங்கித் துப்பியது. வேனை நோ பார்க்கிங்கில் விட்டிருந்தேன், ஒரு கண் அங்கேயே. அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், மயிரிழை வித்தியாசமில்லாமல் அதே உயரம். நகலை அப்படியே கட்டி, பக்கத்திலேயே கூரியரில் போட்டுவிட்டு வந்தேன். மூன்று மணிக்குப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பாட்டுப் பாடினேன். ஆயா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒன்றும் வரவில்லை. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தே சார்ஜ் தீர்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

போன் வந்தது!! பதிப்பகம்!!

பேசியது ஆசிரியர், சின்ன வயசுக் குரல். மூச்சு வாங்காமல் பேசினார். "மேடம், நேத்து சும்மா புரட்டலாம்னு எடுத்தேன். கீழ வைக்க முடியல. இருநூத்திப் பன்னண்டு பக்கம்! நாவல் எவ்வளவு நீளம் இருக்கணும்னு எவனாவது கேட்டா இனிமே இதைத்தான் காட்டப்போறேன். நாங்க போடறோம் மேடம்." எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளைத்தான் பக்கம் என்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அப்புறம் சொன்னார்: "எல்லாத்தையும் விட உங்க துணிச்சல்! ரெண்டு பேருக்கும் எதுக்கு சண்டைன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல பாருங்க!"

சொல்லவே இல்லையா?

"பன்னண்டாவது பக்கத்துல தங்கச்சி ஜன்னலை சாத்தறா. பதிமூணுல அக்கா வாசல்ல புதுசா ஒரு ஜோடி செருப்பு கிடக்கு. நடுவுல ஒண்ணும் கிடையாது! அந்தத் தாவலை எப்படி மேடம் யோசிச்சீங்க?" சும்மா வந்துச்சு சார் என்றேன். வேறென்ன சொல்ல? போனை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து பன்னிரண்டாவது தாளை எடுத்தேன். முன்பக்கம் ஜன்னல் சாத்துகிறாள், சரி. திருப்பினேன். பின்பக்கம் முழுக்க, ஏன் சாத்தினாள், அன்று அக்கா என்ன சொன்னாள், அது எவ்வளவு அநியாயம் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறேன்.

அவர் இதைப் பார்க்கவே இல்லை. ஒரு பின்பக்கத்தைக்கூட அவர் பார்க்கவில்லை!

பிப்ரவரி 21, வெள்ளி

ஜெராக்ஸ் கடையில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தேன். கடைக்காரம்மா அசரவில்லை. "ரெண்டு பக்கமுமான்னு கேட்டேனா இல்லையா? நீங்கதான் ரோட்டைப் பாத்துக்கிட்டே 'போடுங்க போடுங்க, மணி அடிக்கப் போகுது'ன்னீங்க." கேட்டிருப்பார். எனக்குத்தான் வேன் மேல் கண். இருநூற்றுப் பன்னிரண்டு தாளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு தாள், உயரம் சரியாக இருக்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு பக்கமும் முழு வாக்கியத்தோடு முடிகிறது, நம்பரும் வரிசையாக வருகிறது. யாருக்குச் சந்தேகம் வரும்? என் சட்டமே என்னைக் கவிழ்த்துவிட்டது.

பாதியப் படிச்சிட்டுப் பிரமாதமாம்! அப்ப மிச்சப் பாதி என்ன மண்ணாங்கட்டியா? நான் உயிரைக் குடுத்து எழுதினது அதுலதானே இருக்கு? அம்மாவைத் தூக்கி உக்கார வச்சது, என் முதுகு போனது, அவ வராத ஒவ்வொரு வாரமும் — அத்தனையும் பின்னாடிதானே இருக்கு?

வீட்டுக்காரர் கட்சி தெளிவு: "வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. தானா கூடி வந்ததை நீயே கெடுத்துக்காதே." சொல்லாமல் இருந்தால் புத்தகம் வரும். சொன்னால் முழுசாகக் கேட்பார், படிப்பார், பிடிக்காமல் போனால் இதுவும் போய்விடும். ஆனால் சொல்லாவிட்டால் நான் எழுதியதில் பாதி, நான் சொல்ல வந்ததில் பாதி, யாருக்கும் தெரியாமலேயே போய்விடும்.

பிப்ரவரி 24, திங்கள்

ஒரு யோசனை வந்தது. இன்றிலிருந்து காலை முப்பத்தைந்து நிமிஷமும் ஆயாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். முன்பக்கங்கள் மட்டும். அவருக்கு விஷயத்தைச் சொல்லவில்லை. என்ன சொல்கிறார் பார்ப்போம். இன்று இருபத்திரண்டு பக்கம். "ம், அப்புறம்?" என்று மட்டும் நாலைந்து தடவை கேட்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்று எண்பத்தெட்டாவது பக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமுவது கேட்கிறது, தங்கை எழுந்து போய் ரேடியோவைக் குறைக்கிறாள். அவ்வளவுதான் அந்தப் பக்கத்தில். ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுதியதுதானா இது?

பொறுக்க முடியாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தேன். ரேடியோவைக் குறைத்தாலும் அவள் மன்னிக்கவில்லை, ஏனென்றால், என்று ஆரம்பித்து ஒரு பக்கம். ஆயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது யாரு பேசுறது?"

"தங்கச்சிதான் ஆயா."

"இல்லல்ல. இது நீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "முதல்ல படிச்சப்ப எனக்கு ரெண்டு பேரும் பாவமா இருந்தாங்க. இப்ப அந்த அக்கா மேல யாரோ கேஸ் போட்ட மாதிரி இருக்கு. நான் என்ன ஜட்ஜா?" இரண்டாவது டிரிப் முழுக்க அவரிடம் நான் பேசவில்லை. அவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ மென்றுகொண்டிருந்தார்.

மார்ச் 2, ஞாயிறு

காலையிலிருந்து பின்பக்கங்களை மட்டும் தனியாக, வரிசையாகப் படித்தேன். நானே படிக்க முடியாமல் திணறினேன், உண்மையை எழுதத்தானே நாட்குறிப்பு. மதியம், பசி, தலைக்கு மேல் தகரம் கொதிக்கிறது, அந்த நேரத்தில் எனக்குள் இருந்ததெல்லாம் வந்து கொட்டியிருக்கிறது. ‘ஏனென்றால்’ இல்லாத பக்கத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. காலையில் நடந்ததை எழுதியிருக்கிறேன், மதியம் அதற்கு வக்கீல் வைத்திருக்கிறேன்.

ஒரு பின்பக்கம் மட்டும் வேறு மாதிரி. நூற்று நாற்பதாவது தாள். அன்று அடைமழை, வண்டிக்குள் குளிர். அம்மாவின் சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியைத் தங்கை எடுத்துப் போட மனசில்லாமல் சீப்போடு துணியில் சுற்றி வைக்கிறாள். அதில் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நன்றாக இருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருக்கிறது!

மார்ச் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன். பொய்ப் பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆசிரியரைக் கூப்பிட்டு, சார், நீங்கள் படித்தது பாதிதான் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், நிற்கவே இல்லை. "மேடம், அந்தத் துணிச்சல், அந்தத் தாவல், எல்லாம் ஜெராக்ஸ் மெஷினா?" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே. மிச்சத்தை உடனே அனுப்பச் சொன்னார். இந்தத் தடவை கடையில் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

மார்ச் 19, புதன்

பதினைந்து நாள் கழித்துக் கூப்பிட்டார். சிரிக்கவில்லை.

"மேடம், ரெண்டும் நீங்க எழுதினதுதான். நானூத்தி இருபத்தி நாலு பக்கமும் போடுங்கன்னா போடறேன். மனசார சொல்றேன். ஆனா ஒண்ணு சொல்லணும். முழுசா படிச்சப்ப நான் தங்கச்சி கட்சியில சேந்துட்டேன், சேந்ததும் எனக்கு வேலை முடிஞ்சு போச்சு. பாதியைப் படிச்சப்ப யார் கட்சின்னே தெரியாம தவிச்சேன். எனக்கு அந்தத் தவிப்புதான் பிடிச்சிருந்தது." திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள், எப்படிச் சொன்னாலும் புத்தகம் வரும் என்று முடித்தார்.

புத்தகம் வரும்! அதில் இனி பயமில்லை. மனசு துள்ளுகிறது. ஆனாலும் ஏன் சோறு இறங்கமாட்டேன் என்கிறது?

மார்ச் 21, வெள்ளி

அம்மா போனப்ப வந்த சொந்தக்காரங்க எல்லாம் அக்காவைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. மூத்தவ இல்லையா! நான் அடுப்படியில நின்னேன். எட்டு மாசம் எங்க இருந்தான்னு அவளை ஒருத்தர் கேட்டாங்களா? ஒருத்தர்? அதுக்காகத்தானே எழுத ஆரம்பிச்சேன். இப்ப அதை மட்டும் எடுத்துடணுமாம். அப்ப நான் எதுக்கு எழுதினேன்?

மார்ச் 23, ஞாயிறு

காலையில் முன்பக்கங்களை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தேன். எதற்காக எழுத ஆரம்பித்தேன் என்பது வேறு, எழுதி முடித்தது வேறு. அந்த அக்கா எனக்கே பிடித்துப்போனாள். ரேஷன் கடையில் அளந்து போடுகிற மாதிரிப் பேசுகிறவள், வாசலைப் பெருக்கும்போது தங்கை பக்கத்தையும் இரண்டு அடி சேர்த்துப் பெருக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள். இதை நான்தான் எழுதினேன். ஒரு காலை நேரத்தில், கோபம் வராத நேரத்தில், எழுதியிருக்கிறேன்.

நாளைவரை காத்திருக்கவில்லை, இன்றே கூப்பிட்டேன். முன்பக்கங்கள் மட்டும், கூடவே நூற்று நாற்பதாவது தாளின் பின்பக்கம். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று. ஆசிரியர் "ஆஹா!" என்று கத்தியதில் வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சொன்ன ஐந்தாவது நிமிஷமே, ஐயோ, கெடுத்துக்கொண்டேனோ என்று பகீரென்றது. பத்தாவது நிமிஷம் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

என் புத்தகம்! கையில்! முகர்ந்து பார்த்தேன், தடவிப் பார்த்தேன், ஸ்கேல் எடுத்து அளந்தும் பார்த்தேன், ஒன்றரை சென்டிமீட்டர். ஹாரன் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இவ்வளவுதானாம்மா? நாலு வருஷம்னு சொன்னீங்களே" என்றார். ஆயா அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துக் கேட்டார்கள். ஒருத்தி கணக்கு நோட்டில் வாங்கினாள். வேன் கிளம்ப ஆறு நிமிஷம் தாமதம், பள்ளிக்கூடத்தில் திட்டு விழுந்தது. விழட்டும்!

ஜூலை 14, திங்கள்

அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். உள்ளே கடிதம் எதுவும் வைக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலை பத்தரைக்கு அக்கா கூப்பிட்டாள்.

"நான்தான்" என்றாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகும் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பாத்திரம் கழுவிய கையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"படிச்சேன். ரெண்டு தடவ. பென்சிலை வச்சுக்கிட்டு உக்காந்தேன்டி. என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிருப்பே, எங்கெங்க கோடு போட்டு உன்கிட்ட சண்டைக்கு வரலாம்னு. கோடு போட ஒரு இடம் இல்ல. அதெல்லாம் நீ எழுதவே இல்லையா?"

"எழுதினேன்க்கா. இதே அளவு இன்னொரு பங்கு இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"ஏண்டி?"

"ரொம்ப நீளமாப் போச்சு."

சிரித்தாள். அவள் சிரிப்பு அப்படியேதான் இருக்கிறது, நடுவில் ஒரு விக்கலோடு. பிறகு அது அழுகையாக மாறிவிட்டது. "நான் ஏன் வரலன்னு நீ ஒரு தடவகூட என்னைக் கேக்கலையேடி" என்றாள். ஆமாம், கேட்கவில்லை. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவளிடம் கேட்டதில்லை.

"ஏன்க்கா வரல?" என்று கேட்டேன்.

ஒரு மணி நேரம் பேசினாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, அது என் சரித்திரத்திலேயே முதல் தடவை. அடுத்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போகிறேன். வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார், வேண்டாம், நான் மட்டும் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதே எந்தப் புடவை என்று பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், பைத்தியம் மாதிரி.

அவள் சொன்னதை இங்கேகூட எழுதப்போவதில்லை, அது அவளுடையது. நான் எழுதிய நானூற்று இருபத்துநான்கு பக்கத்தில் எங்கேயும் அது இல்லை.